சித்திரை வீதித் தலைப்பும் வெளி வீதித் தலைப்பும்

கொஞ்சம் நீளமான பதிவு. காலை அவசரத்தில் இருப்பவர்கள் சாயந்திரம் காபியோடு வைத்துக்கொண்டு படிக்கலாம்.

நாங்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து மதுரை நகரத்துக்கென்று ஒரு கலைக்களஞ்சியம் எழுதி வருவது உங்களில் பலருக்குத் தெரியும். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதை யாரும் திருத்தலாம் என்ற முறை. குழுவில் ஓய்வு பெற்ற வங்கி அண்ணன் ஒருவர், கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் ஒருவர், கல்லூரியில் படிக்கிற தம்பி தங்கைகள் சிலர், என்னைப் போல இரண்டு மூன்று பழைய டீச்சர்கள். "என்ன டீச்சர், எழுத ஆரம்பித்து இத்தனை நாளாயிற்று, இன்னும் எதை எழுதுவது என்றே சண்டை போடுகிறீர்களாமே?" என்று போன வாரம் ஒருவர் கேட்டார். ஆமாம், சண்டைதான். அந்தச் சண்டையைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதல் ஞாயிற்றுக்கிழமை கூடியபோதே தலைப்புகள் இருநூற்றைத் தாண்டிவிட்டன. எழுதுகிற கைகளோ பத்து. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் எழுத முடியாது. எது முதலில், எது பிறகு என்று தரம் பிரித்தாக வேண்டும். விக்கிப்பீடியாவிலும் இப்படி ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு துறையையோ ஊரையோ பற்றிய கட்டுரைகளை உச்சம், உயர்வு, நடு, குறைவு என்று நான்கு படிகளாக முக்கியத்துவம் போட்டு வைப்பார்கள். நாங்களும் நான்கு படி வைத்துக்கொண்டோம். பேராசிரியர்தான் சொன்னார்: "உச்சம், குறைவு என்றெல்லாம் எதற்கு? நம் ஊரில்தான் வீதியே படிப்படியாக இருக்கிறதே!"

அப்படித்தான் பெயர் வந்தது. சித்திரை வீதித் தலைப்பு, ஆவணி மூல வீதித் தலைப்பு, மாசி வீதித் தலைப்பு, வெளி வீதித் தலைப்பு. வெளியூர் நண்பர்களுக்காக ஒரு வரி: மீனாட்சி அம்மன் கோயிலை நடுவில் வைத்து, கோயில் மதிலுக்குள் ஆடி வீதி, மதிலைச் சுற்றிச் சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அடுத்து மாசி வீதி, கடைசியில் வெளி வீதி என்று பெட்டிக்குள் பெட்டி வைத்ததுபோல் அமைந்தது பழைய மதுரை. வேடிக்கை என்னவென்றால் சித்திரைத் திருவிழாவின் தேர் சித்திரை வீதியில் ஓடுவதில்லை, மாசி வீதியில் ஓடுகிறது. பெயர் ஒன்று, நடப்பு ஒன்று. அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

நான்கு படிக்கும் நான்கு சார்ட் தாள் ஒட்டினோம். மீனாட்சி அம்மன் கோயில், வைகை, சித்திரைத் திருவிழா, திருமலை நாயக்கர் மகால், தமிழ்ச் சங்கம் ஆகியவை கேள்வியே இல்லாமல் சித்திரை வீதிக்குப் போயின. கீழடி வந்ததும் வங்கி அண்ணன், "அது சிவகங்கை மாவட்டம்" என்றார். "வைகைக்கரை நாகரிகத்துக்கு மாவட்ட எல்லையா?" என்று பேராசிரியர் கேட்டார். அரை மணி நேரம் போயிற்று. ஜிகர்தண்டாவைத் தம்பி ஒருவர் சித்திரை வீதியில் ஒட்டினார். இன்னொரு டீச்சர் எடுத்து வெளி வீதியில் ஒட்டினார். ஒருவர் வடை எடுக்கப் போன நேரத்தில் அது மறுபடி சித்திரை வீதிக்கு வந்திருந்தது.

சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மதுரைக் கோட்டை என்ற தலைப்பு வந்தபோதுதான் பேச்சு வேறு பக்கம் திரும்பியது.

இன்றைய வெளி வீதிகள் இருக்கும் இடத்தை ஒட்டி ஒரு காலத்தில் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 1834 முதல் 1847 வரை இங்கே கலெக்டராக இருந்த ஜான் பிளாக்பர்ன், ஊர் நெரிசலில் மூச்சுத் திணறுகிறது என்று அந்தக் கோட்டையை இடிக்க முடிவு செய்தார். அரசாங்கத்திடம் அதற்குப் பெரிய பணம் இல்லை. ஒரு யுக்தி செய்தார்: சுவரின் ஒரு பகுதியை இடித்து அந்த இடத்து அகழியைத் தூர்ப்பவருக்கே அந்த மனை. சனங்கள் வந்தார்கள். சுவர் போயிற்று, தெருக்கள் வந்தன. அந்தப் பணியில் நில அளவை செய்த மாரட் என்ற ஆங்கிலேயர் பெயரில் மாரட் வீதி. மேஸ்திரியாக நின்று வேலை வாங்கிய பெருமாள் பெயரில் பெருமாள் மேஸ்திரி வீதி. பிளாக்பர்ன் நினைவுக்கு விளக்குத்தூண். பெரியார் பேருந்து நிலையத்துப் பக்கம் கோட்டையின் மேற்கு வாசல் துண்டு ஒன்று மட்டும் இன்னும் நிற்கிறது. பஸ் பிடிக்க ஓடுகிறவர்கள் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். விளக்குத்தூண் திருமலை நாயக்கர் வைத்தது என்று நான் பல வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். யாரோ எனக்குச் சொன்னார்கள், நான் பிள்ளைகளுக்குச் சொன்னேன். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் தீபாவளிக்குத் துணி எடுக்க அப்பாவோடு அந்தப் பக்கம் போனவன், திரும்பி வந்து, "டீச்சர், அதுல இங்கிலீஷ் பேரு போட்டிருக்கு" என்றான். அதட்டி உட்கார வைத்துவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே போய்ப் பார்த்தேன். திங்கட்கிழமை வகுப்பில் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. பாடத்தை மட்டும் திருத்திக்கொண்டேன். இந்தக் கதை பின்னாலும் வரும்.

பிளாக்பர்னுக்கு ஒரு கட்டுரை என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. மாரட்டுக்கு? பெருமாள் மேஸ்திரிக்கு? தம்பி கேட்டார்: "பெருமாள் மேஸ்திரியைப் பற்றி நாலு வரிக்கு மேல என்னக்கா கிடைக்கும்? நாலு வரிக்கு ஒரு கட்டுரையா?" நியாயமான கேள்வி. அப்போது சமையலறையில் இருந்து டீ கொண்டுவந்த வீட்டுக்கார அம்மா, வங்கி அண்ணனின் மனைவி, தட்டை வைத்துவிட்டுச் சொன்னார்: "அந்த மேஸ்திரிக்காவது தெருவிலே பேரு இருக்கு. அகழிக்கு மண்ணு சுமந்தவங்க?"

யாரும் பேசவில்லை. டீ ஆறிப்போயிற்று என்று எழுதினால் கதை மாதிரி இருக்கும். ஆறவில்லை, குடித்தோம். ஆனால் அந்தக் கேள்வி எங்களை விடவில்லை.

மண் சுமந்த கதை மதுரைக்காரர்களுக்குப் புதிதல்ல. வைகை பெருகிக் கரை உடைந்தபோது வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணையிட, ஆள் இல்லாத பிட்டு விற்கும் கிழவி வந்திக்காகச் சொக்கநாதரே கூலியாக வந்து பிட்டு வாங்கித் தின்று மண் சுமந்து பிரம்படி பட்டார் என்கிறது திருவிளையாடல். ஆவணி மூலத் திருவிழாவில் அது இன்றும் நடக்கிறது. நான் பிறந்து வளர்ந்த ஆரப்பாளையத்துப் பக்கம் புட்டுத்தோப்பு என்றே இடம் இருக்கிறது. அந்தத் திருவிழாவின் பெயரால்தான் ஆவணி மூல வீதி. யோசித்துப் பாருங்கள்: ஊரின் புராணம், தெருவோரம் பிட்டு விற்ற ஒரு கிழவியை ஊரின் இரண்டாம் வீதியிலே உட்கார வைத்திருக்கிறது. கலெக்டர் காலத்து ஆவணம் ஒரு மேஸ்திரி வரைக்கும் இறங்கி வந்து நின்றுவிட்டது. நாங்கள் எதுவரைக்கும் இறங்கப் போகிறோம்?

அன்று இரவு வீட்டுக்கு வந்து, இதற்கு முன்னால் மதுரையைப் பட்டியல் போட்டவர்கள் எல்லாம் எதை முதலில் வைத்தார்கள் என்று புரட்ட ஆரம்பித்தேன். அது ஒரு மாத வேலையாக நீண்டது.

முதல் பட்டியல் மதுரைக்காஞ்சி. மாங்குடி மருதனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குச் சொன்னது. பத்துப்பாட்டில் மிக நீண்ட பாட்டு, 782 அடி. அரசனுக்கு நிலையாமை சொல்ல வந்த புலவர், நாளங்காடி, அல்லங்காடி என்று பகல் கடையையும் இரவுக் கடையையும் விடாமல், சங்கு அறுப்பவர், பொன் உரைப்பவர், துணி விற்பவர் என்று தெருத்தெருவாகக் கூட்டிக்கொண்டு போகிறார். நடுச்சாமத்தில் நூலேணியோடு வரும் திருடனுக்கும், அவனைப் பிடிக்கத் திரியும் ஊர்க்காவலருக்கும் அதில் இடம் உண்டு. ஊர் என்றால் எல்லோரும்தான் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

அடுத்து வெள்ளைக்கார அதிகாரிகள். ஜே.எச். நெல்சன் 1868-இல் மதுரை நாட்டுக் கையேடு ஒன்றை எழுதினார். 1906-இல் டபிள்யூ. பிரான்சிஸ் மதுரை மாவட்ட கெசட்டியரை எழுதினார். கெசட்டியருக்கு ஒரு கட்டமைப்பு உண்டு. நில அமைப்பு, அரசியல் வரலாறு, மக்கள், வேளாண்மையும் பாசனமும், காடு, தொழிலும் வாணிபமும், போக்குவரத்து, மழையும் பருவமும், சுகாதாரம், கல்வி, நிலவரி, உப்பு, சாராய வரி, நீதி, உள்ளாட்சி. இத்தனையும் முடிந்தபிறகு கடைசி அத்தியாயத்தில்தான் ஊர் ஊராக வருகிறது. மீனாட்சி கோயிலை விரிவாகப் படிக்க வேண்டுமானால் அந்தக் கடைசி அத்தியாயத்துக்குப் போக வேண்டும். நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு சித்திரை வீதியில் ஒட்டிய தலைப்பு, பிரான்சிஸ் கணக்கில் உப்பு வரிக்கும் சாராய வரிக்கும் பின்னால். அவர் கோயிலை மதிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், நன்றாகவே எழுதியிருக்கிறார். அந்தப் புத்தகம் யாருக்காக? புதிதாக வந்து இறங்கும் அதிகாரிக்காக. அவனுக்கு முதலில் வேண்டியது எந்தக் கண்மாயில் தண்ணீர் நிற்கும், எந்தத் தாலுகாவில் வரி நிற்கும் என்பது.

மூன்றாவது, நான் சொல்லாமல் இருக்க முடியாதது, அபிதான சிந்தாமணி. எழுதியவர் ஆ. சிங்காரவேலு முதலியார். சென்னைப் பச்சையப்பன் பள்ளியில் தமிழாசிரியர். பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் எனக்கு அவர்மேல் தனி உரிமை! யாழ்ப்பாணத்து முத்துத்தம்பிப்பிள்ளையின் அபிதான கோசம் 1902-லேயே வந்துவிட்டது என்றாலும், அளவில் பெரியது முதலியாருடையதுதான். தனி மனிதராக வருடக்கணக்கில் சேர்த்தார். அச்சிடப் பணமில்லை. பலரிடம் கேட்டும் வழி பிறக்கவில்லை. கடைசியில் கைகொடுத்தவர் 1901-இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கிய பாண்டித்துரைத் தேவர். 1910-இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பதிப்பாக வெளிவந்தது. அகர வரிசைப் புத்தகத்தில் பெரியது சிறியது இல்லை என்பார்கள். உண்மையில்லை. எதற்கு ஒரு பக்கம், எதற்கு ஒரு வரி என்பதில் எல்லாம் தெரிந்துவிடும். அவருக்குப் புராணமும் இலக்கியமும் பக்கம் பக்கமாக. அதோடு சாதிகள், மருந்துகள், விலங்குகள் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் அள்ளிப் போட்டார். அவர் வடிகட்டியிருந்தால் நமக்கு இன்று பல சங்கதிகள் கிடைத்திருக்காது.

சுதந்திரத்துக்குப் பிறகு தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் முயற்சியில் தமிழ் வளர்ச்சிக் கழகம் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கியது. முதன்மை ஆசிரியர் பெரியசாமித் தூரன், அவரும் ஆசிரியராக இருந்தவர்தான். 1954-இல் முதல் தொகுதி, மொத்தம் பத்துத் தொகுதிகள். அங்கே அளவுகோல் வேறு: அறிவியலும் உலகமும் தமிழுக்கு வந்து சேர வேண்டும். எனவே மதுரையைவிட மின்சாரத்துக்கு அவசரம். 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா வந்தது. 2017-இல் அது ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. எல்லா மொழி விக்கிப்பீடியாவிலும் கட்டாயம் இருக்க வேண்டிய ஆயிரம் கட்டுரைகள் என்று உலகப் பொதுவாக ஒரு பட்டியலே உண்டு. அதில் எந்த ஊருக்கு இடம், எந்த மனிதருக்கு இடம் என்று அங்கேயும் ஓயாத வாதம். நாங்கள் மட்டும் சண்டைக்காரர்கள் இல்லை!

இந்த மாதிரி படிநிலை போடுகிறவர்கள் அங்கே ஒன்றைத் தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தப் படி, ஒரு பொருளின் உயர்வு தாழ்வைச் சொல்வதல்ல. சராசரி வாசகர் அதைத் தேடி வர எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்ற கணிப்பு, அவ்வளவுதான். தம்பி இதைப் படித்துக்காட்டிவிட்டு, "பார்த்தீங்களாக்கா? ஜிகர்தண்டா சித்திரை வீதிதான்" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. வாசகருக்காகத்தான் எழுதுகிறோம். வெளியூரிலிருந்து வருகிற பிள்ளை ஜிகர்தண்டாவைத் தேடினால் அதில் கடற்பாசி ஏன் சேர்க்கிறார்கள் என்று நல்லபடியாகச் சொல்ல வேண்டியது எங்கள் வேலை.

ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. காரணம் என் சொந்த அனுபவம்.

முப்பத்து நான்கு வருடம் வகுப்பு எடுத்தேன். பரீட்சை நெருங்கினால் பிள்ளைகள் கேட்பார்கள்: "டீச்சர், இம்பார்ட்டண்ட் சொல்லுங்க டீச்சர்." சிவப்புப் பென்சிலை எடுத்துப் புத்தகத்தில் நட்சத்திரம் போடுவேன். நான் போட்டதைப் பார்த்து எல்லோரும் போட்டுக்கொள்வார்கள். நட்சத்திரம் போட்டதை மட்டும்தான் படிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். போன முறை எது கேட்டார்கள் என்று பார்த்துத்தான் போடுவேன். அடுத்த முறை வினாத்தாள் எடுக்கிறவரும் என்னைப் போல ஓர் ஆசிரியர். அவரும் எல்லோருக்கும் தெரிந்த கேள்வியைத்தான் எடுப்பார். அப்படியே சுற்றிச் சுற்றி, சில பாடங்கள் என் சர்வீஸ் முழுவதும் ஒரு பிள்ளையாலும் படிக்கப்படாமல் போயின. கேட்பதால் முக்கியம், முக்கியம் என்பதால் கேட்கிறார்கள். தேடுகிற எண்ணிக்கையை வைத்துத் தரம் பிரித்தால் நாங்கள் செய்வதும் அதே சிவப்புப் பென்சில் வேலைதான். தெரிந்ததைத்தானே ஒருவர் தேட முடியும்? தெரியாததை எந்தப் பெயரைப் போட்டுத் தேடுவார்?

இதை வெறும் வாதமாகச் சொல்லவில்லை. எங்கள் பட்டியலிலேயே ஒன்றைக் காட்டுகிறேன்.

1939 ஜூலை 8. மதுரையின் வரலாற்றில் எனக்கு முதல் நாள் அது. வைத்தியநாத ஐயர் தலைமையில், அதுவரை மீனாட்சி கோயிலுக்குள் விடப்படாத மக்களில் சிலர் உள்ளே போய் அம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்தார்கள். கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு வரவேற்றார். எதிர்த்தவர்கள், மீனாட்சி கோயிலை விட்டுப் போய்விட்டாள் என்று சொல்லித் தனியாக ஒரு கோயிலே வைத்துக்கொண்டார்கள். வழக்கு, தண்டனை வராமல் காக்க ராஜாஜி அரசு அவசரச் சட்டம் போட்டு, அதே வருடம் கோயில் நுழைவுக்குச் சட்டமும் செய்தது.

எங்கள் சார்ட்டில் இந்த நிகழ்ச்சி "அ. வைத்தியநாத ஐயர்" என்ற தலைப்பாகச் சித்திரை வீதியில் இருந்தது. சரிதான், அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. சொந்தச் சாதியே தள்ளி வைத்த மனிதர். ஆனால் அன்று அந்த வாசலைத் தாண்டிய கால்கள் யாருடையவை? கக்கன், அவர் பின்னாளில் அமைச்சரானார், அதனால் மாசி வீதியில் ஒரு சீட்டு இருந்தது. ஆலம்பட்டி முருகானந்தம், மதிச்சியம் சின்னையா, விராட்டிபத்து பூவலிங்கம், முத்து, விருதுநகர் சண்முக நாடார். இவர்கள் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. வெளி வீதியில்கூட இல்லை. நூற்றாண்டுக் கணக்கில் தடுத்த வாசலுக்குள் போக அன்று அவர்களுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்! தெரிந்த ஆள் ஒருவர் பக்கத்தில் நின்றால் அடுத்தவர் பெயர் மறைந்துவிடுகிறது. இதில் கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. சீட்டு எழுதியதே நான்தான்!

வங்கி அண்ணன் மறுத்தார். அவர் மறுப்பை மதித்துச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் பாதி சரி. "டீச்சர், உணர்ச்சி வேற, கலைக்களஞ்சியம் வேற. அச்சிலே சான்று இருக்கணும். அஞ்சு பேருக்கும் அஞ்சு கட்டுரைன்னா, பேரைத் தவிர என்ன எழுதுவீங்க? எங்கப்பா சொன்னார், எங்க பாட்டி சொன்னாங்கன்னு எழுத ஆரம்பிச்சா ஊர்க்கதை ஆயிடும்." விளக்குத்தூணைத் திருமலை நாயக்கர் தலையில் கட்டிய எனக்கு இதற்குப் பதில் சொல்ல வாயில்லை. ஞாபகம் பொய் சொல்லும். சொல்கிற நமக்கே அது பொய் என்று தெரியாது.

ஆனால் அந்தப் பையன் என்ன செய்தான்? ஞாபகத்தோடு நிற்கவில்லை, தூணைப் போய்ப் பார்த்தான். சான்று இல்லை என்பதும், சான்றை யாரும் தேடவில்லை என்பதும் ஒன்றா? பிளாக்பர்னுக்குத் தூண் வைத்தார்கள், அதனால் சான்று இருக்கிறது. அகழி தூர்த்தவர்களுக்கு யாரும் தூண் வைக்கவில்லை. சான்று எங்கே குவிந்திருக்கிறதோ அங்கேயே முக்கியத்துவத்தையும் குவித்தால், பிரான்சிஸ் பட்டியலைத்தான் நாம் தமிழில் மறுபடி எழுதிக்கொண்டிருப்போம்.

இன்னொன்று சொல்கிறேன், இது என் வீட்டுச் சங்கதி. என் அப்பா ஹார்வி மில்லில் ஸ்பின்னிங்கில் வேலை பார்த்தவர். 1875-இல் மதுரைக்கு ரயில் வந்தது. 1890-களில் ஹார்வி சகோதரர்கள் ஸ்டேஷன் பக்கத்திலேயே மில் கட்டினார்கள். எத்தனையோ ஊர்களிலிருந்து கஞ்சிக்கு வழியில்லாத சனம் வந்து மில் வேலையில் சேர்ந்தது. திருப்பரங்குன்றம் பக்கத்து ஹார்விபட்டி தொழிலாளர்களுக்காக உருவான குடியிருப்பு. மில் சங்குதான் எங்கள் பேட்டைக்கே கடிகாரம். சங்கு ஊதுவதற்குள் உலை கொதித்தாக வேண்டும். இரண்டாவது சங்குக்கு நான் பள்ளிக்கூடம் புறப்பட வேண்டும். அப்பா திரும்பி வரும்போது புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். தங்கை அதை ஊதி விளையாடுவாள். ராத்திரி இருமுவார். இன்றைய மதுரையில் பாதிக் குடும்பம் மில், தறி, ரயில்வே என்று ஏதோ ஒன்றில் வேர் பிடித்தது. மில் இல்லாமல் இந்த ஊரின் இருபதாம் நூற்றாண்டு இல்லை.

எங்கள் சார்ட்டில் மில் வெளி வீதியில் இருந்தது. ஒட்டிய தங்கைக்கு இருபது வயது. "அப்படின்னா என்ன மேடம்?" என்று என்னிடமே கேட்டது. கோபம் வரவில்லை. அந்தப் பிள்ளை சங்கைக் கேட்டதே இல்லை, பாவம் என்ன செய்யும்? அரவிந்த் கண் மருத்துவமனை 1976-இல் பதினோரு படுக்கையோடு தொடங்கியது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிகிறது, கெட்டிக்காரப் பிள்ளை. சொல்லிக்கொடுக்க வேண்டிய நாங்கள் மில்லைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கடைசிச் சண்டை லீலாவதியைப் பற்றியது. 1996 உள்ளாட்சித் தேர்தலில் வில்லாபுரம் பகுதியிலிருந்து மாமன்ற உறுப்பினராக வென்றவர். தன் பகுதிக்குக் குடிநீர் வர வேண்டும் என்று போராடியவர். 1997 ஏப்ரல் 23 அன்று பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். "அது கட்சி விஷயம், குற்றச் செய்தி. கலைக்களஞ்சியத்தில் வேண்டாம்" என்றார்கள் சிலர். நான் கட்சிக்காரி இல்லை. ஆனால் அந்த வருடங்களில் குழாயடியில் குடத்தோடு நின்ற பெண் நான். பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போய் வசவு வாங்கியிருக்கிறேன். வைகைக்கரையில் இருக்கிற ஊரில் ஒரு குடம் தண்ணீருக்காக ஓர் உயிர் போயிருக்கிறது. 1895-இல் பெரியாறு அணை கட்டி மலையைக் குடைந்து வைகைக்குத் தண்ணீர் கொண்டுவந்த பென்னிகுயிக் எங்கள் பட்டியலில் சித்திரை வீதி. அதில் எனக்கு முழுச் சம்மதம். அந்தத் தண்ணீர்க் கதையின் இன்னொரு முனைதான் வில்லாபுரம். முதல் அத்தியாயத்தை மட்டும் எழுதிவிட்டுக் கடைசி அத்தியாயத்தைச் செய்தித்தாளுக்கு விட்டுவிடலாமா?

இரண்டு மாதம் இழுத்த பிறகு ஒரு வழிக்கு வந்திருக்கிறோம். வங்கி அண்ணன்தான் கணக்கு நோட்டு மாதிரி கோடு போட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு தலைப்புக்கும் இரண்டு பத்தி. முதல் பத்தியில் வாசகர் எவ்வளவு தேடுவார் என்பது. அதற்குத் தம்பி தங்கைகள் பொறுப்பு. இரண்டாவது பத்தியில், நாம் இப்போது எழுதாவிட்டால் அது எவ்வளவு சீக்கிரம் அழியும் என்பது. இதற்குக் கிழவர் கிழவிகள் நாங்கள் பொறுப்பு. மீனாட்சி கோயில் முதல் பத்தியில் முதலிடம், இரண்டாவதில் கடைசி. அவளைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். மில் சங்கு முதல் பத்தியில் கடைசி, இரண்டாவதில் முதலிடம். ஒரு வாரம் முதல் பத்தியிலிருந்து ஒரு கட்டுரை, மறுவாரம் இரண்டாவதிலிருந்து ஒன்று. அச்சுச் சான்று இல்லாததைக் கட்டுரைக்குள் வைப்பதில்லை. சொன்னவர் பெயர், தேதியோடு தனியாக ஒரு நோட்டில் பதிவு செய்து, சான்று கிடைக்கும்வரை காத்திருப்பது.

பெருமாள் மேஸ்திரிக்குத் தனிக் கட்டுரை இல்லை. "கோட்டை இடிப்பு" என்ற ஒரே கட்டுரையில் பிளாக்பர்ன், மாரட், மேஸ்திரி, மனைக்காக மண் சுமந்த குடும்பங்கள் எல்லோரும் வருவார்கள். "ஆலய நுழைவு 1939" தனித் தலைப்பாகிவிட்டது, அதில் எல்லாப் பெயரும் உண்டு. லீலாவதி "மதுரைக் குடிநீர்" கட்டுரையில் வருகிறார்; தனிக் கட்டுரையும் வேண்டும் என்று நான் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன், இரண்டுக்கு ஐந்து என்று தோற்றுக்கொண்டும் இருக்கிறேன். கீழடி இன்னும் எல்லையிலேயே நிற்கிறது. ஜிகர்தண்டா சித்திரை வீதியில். தம்பி வென்றுவிட்டார்!

வருகிற ஞாயிறு இரண்டாவது பத்தியின் முறை. மில் கட்டுரையை எழுதப் போவது அந்த இருபது வயதுத் தங்கை. நான் எழுதினால் அப்பாவைப் பற்றித்தான் எழுதுவேன் என்று எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்குக் கொடுத்திருப்பது சான்று தேடும் வேலை. எனவே நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரணில், டிரங்குப் பெட்டியில் மில் சம்பளச் சீட்டு, ஷிப்ட் அட்டை, தொழிற்சங்க நோட்டீஸ், பழைய குரூப் போட்டோ ஏதாவது இருந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஒரு படம் எடுத்து உள்பெட்டியில் அனுப்புங்கள். போட்டோவாக இருந்தால் பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். அந்தக் காலத்தில் பேரும் தேதியும் அங்கேதான் எழுதுவார்கள். மதிச்சியம், விராட்டிபத்து, ஆலம்பட்டிப் பக்கம் உறவு உள்ளவர்கள், மேலே சொன்ன பெயர்களைப் பெரியவர்களிடம் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.

விளக்குத்தூண் பையன் இப்போது எங்கே இருக்கிறான் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். இந்தப் பதிவு அவன் கண்ணில் பட்டால்: தம்பி, நீ படித்தது சரி. டீச்சர்தான் தப்பு.